கழுத்தெலும்பு முறிவுக்கான கருவிகளை வாங்குவோருக்கு ஒரு திறந்த மடல்

முதுகுத்தண்டுக் காயங்களுக்கு அறுவை சிகிச்சை செய்யும் மருத்துவமனைகளின் கருவிக் கொள்முதல் குழுவினருக்கு,

வணக்கம்.

கழுத்தெலும்பு முறிந்தோ மூட்டு விலகியோ வருகிறவர்களுக்கான கருவிகளை அறுவை மேசையருகே எடுத்து வைக்கும் அரங்கச் செவிலியர் என்ற முறையில் இந்த மடலை எழுதுகிறேன். நீங்கள் தயாரிக்கும் ஒப்பந்தப்புள்ளி ஆவணங்களில் டைட்டானியம் பிளேட்டும் ஸ்க்ரூவும் அளவு வாரியாக, விலை வாரியாக முதல் பக்கத்தில் இடம்பெறுகின்றன. தலையைப் பிடித்துக்கொள்ளும் கருவி, எலும்பை அதன் இடத்துக்கு இழுத்துவரும் கருவி, துளையின் ஆழத்தை அளக்கும் கருவி ஆகியவை கடைசிப் பக்கத்தில் ‘இதர உபகரணங்கள்’ என்ற ஒற்றை வரியில் அடங்கிவிடுகின்றன. சில ஆவணங்களில் அந்த வரியும் இருப்பதில்லை. நோயாளியிடம் இவை பயன்படும் வரிசையோ இதற்கு நேர் எதிரானது. பிளேட் கடைசியில்தான் உள்ளே போகிறது. அதற்கு முந்திய வேலைகளுக்குக் கருவி இல்லையென்றால், எவ்வளவு உயர்ந்த பிளேட்டானாலும், தவறான இடத்தில் நிற்கும் எலும்பை அதே தவறான இடத்தில் உறுதியாக நிறுத்திவைப்பதைத் தவிர வேறொன்றும் செய்யாது. கொள்முதலின் முன்னுரிமையை, கருவிகள் பயன்படும் வரிசைக்கு ஏற்ப மாற்றியமைக்க வேண்டும் என்பதே என் கோரிக்கை.

கழுத்தில் உள்ள முள்ளெலும்புகள் ஏழு. இரண்டாவதிலிருந்து கீழுள்ளவை, பின்புறத்தில் இரு பக்கமும் அமைந்த சிறு மூட்டுகளால், கூரை ஓடுகளைப் போல ஒன்றன்மேல் ஒன்று சரிந்து படிந்திருக்கின்றன. வாகன விபத்திலோ, உயரத்திலிருந்து விழும்போதோ, ஆழமில்லாத நீரில் தலைகீழாகப் பாயும்போதோ தலை முன்புறமாக வன்மையாக மடங்கினால், மேலெலும்பின் மூட்டு கீழெலும்பின் மூட்டைத் தாண்டி முன்னால் இறங்கிப் பூட்டிக்கொள்கிறது. ஒரு பக்கம் மட்டும் பூட்டிக்கொண்டால் பக்கவாட்டு எக்ஸ்-ரே படத்தில் மேலெலும்பு ஏறத்தாழக் கால் பங்கும், இரு பக்கமும் பூட்டிக்கொண்டால் ஏறத்தாழ அரைப் பங்கும் முன்னகர்ந்து தெரியும். அரைப் பங்கு நகர்ந்த கழுத்தில் தண்டுவடம் பெரும்பாலும் நசுங்கியிருக்கும். நசுக்கத்தை நீக்குவதற்கான நேரமும் அந்தக் கணத்திலிருந்தே ஓடத் தொடங்கிவிடுகிறது.

அந்த நேரத்தின் மதிப்பு என்ன என்பதற்கு ஓரளவு தெளிவான விடை 2012இல் வெளிவந்தது. வட அமெரிக்காவின் ஆறு மையங்களில், கழுத்துத் தண்டுவடம் காயமுற்ற 313 பேரைச் சேர்த்து நடத்திய ஆய்வில், ஆறு மாதத்துக்குப் பின் சோதிக்கப்பட்டவர்களுள், 24 மணி நேரத்துக்குள் அறுவை செய்யப்பட்டவர்களில் 19.8 விழுக்காட்டினர், அசைவையும் உணர்வையும் அளக்கும் ஐந்து படி அளவுகோலில் இரண்டு படியோ அதற்கு மேலோ தேறியிருந்தனர்; 24 மணி நேரத்தைக் கடந்து அறுவை செய்யப்பட்டவர்களில் 8.8 விழுக்காட்டினரே அவ்வாறு தேறினர். நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து நடத்திய ஆய்வு அன்று அது. ஆகவே அந்த எண்களைக் கல்லில் பொறித்த விதியாகக் கொள்ள வேண்டியதில்லை. இருந்தாலும் பின்னர் வந்த வழிகாட்டு நெறிகளும் 24 மணி நேரம் என்ற எல்லையையே வைத்துக்கொண்டுள்ளன. வேறோர் ஊர்க் கிடங்கிலிருந்து கருவிப்பெட்டி வந்து சேர்ந்து, கழுவி, நுண்ணுயிர் நீக்கி, ஆறவைத்து மேசைக்கு வருவதற்குள் அந்த எல்லையில் எவ்வளவு கரைந்துவிடும் என்பதை உங்கள் குழுவில் எவரேனும் கணக்கிட்டுப் பார்த்ததுண்டா?

முதலில் இழுவையை, அதாவது தலையில் எடையைக் கட்டித் தொங்கவிட்டு விலகிய எலும்பை அதன் இடத்துக்கு இழுத்துவருவதைப் பற்றிச் சொல்ல வேண்டும். உங்கள் பட்டியல்களில் மிகவும் புறக்கணிக்கப்படுவது அதுதான். டாங்ஸ் எனப்படும் மண்டையோட்டு இடுக்கியை 1933இல் கிரட்ச்ஃபீல்டு அறிமுகப்படுத்தியபோது, மண்டையோட்டின் வெளித்தகட்டில் துளையிட்டுத்தான் அதைப் பொருத்த வேண்டியிருந்தது. பின்னர் கார்ட்னர் வடிவமைத்த, 1973இல் விளக்கி எழுதிய இடுக்கி அந்தத் துளையைத் தேவையற்றதாக்கியது: காதுமடலுக்குச் சற்று மேலே, மண்டையின் மிக அகன்ற சுற்றளவுக்குக் கீழே இரு பக்கமும் கூர்முனை ஊசிகளைத் திருகினால், ஒன்றினுள் இருக்கும் சுருள்வில் அழுத்தத்தைக் காட்டும்; வில்லின் முளை 1 மி.மீ. வெளியே வந்ததும் திருகுவதை நிறுத்திவிடலாம். மரத்துப்போகும் ஊசி போட்டுவிட்டு, நோயாளி விழித்திருக்கும்போதே படுக்கையருகில் சில நிமிடங்களில் முடிந்துவிடும் வேலை இது. எடையைப் படிப்படியாகக் கூட்டி, ஒவ்வொரு படியிலும் கைகால் அசைவைச் சோதித்து, எக்ஸ்-ரே எடுத்துப் பார்த்துக்கொண்டே போனால், பூட்டிக்கொண்ட மூட்டுகள் பல வேளைகளில் கத்தி படாமலேயே திறந்துவிடுகின்றன.

இத்தனை எளிய கருவியிலும் வாங்குவோர் கவனிக்க வேண்டியவை உள்ளன. சுருள்வில் காலப்போக்கில் தளரும்; முளை 1 மி.மீ. வெளியே தெரிந்தாலும் அதன் பின்னே இருக்கும் அழுத்தம் முன்பிருந்ததாக இருக்காது. ஊசிமுனை மழுங்கும். ஆகவே இடுக்கியை ஒருமுறை வாங்கிவிட்டு என்றென்றைக்கும் மறந்துவிட முடியாது. மாற்று ஊசிகளும் கால வரையறைப்படியான சோதனையும் ஒப்பந்தத்திலேயே இருக்க வேண்டும். எம்.ஆர்.ஐ. அறைக்குள் கொண்டுசெல்லத்தக்க இடுக்கிகள் வந்த பிறகு, அவற்றை மட்டும் வாங்கினால் போதும் என்ற எண்ணம் சில குழுக்களிடம் இருக்கிறது. டைட்டானிய உலோகக் கலவையாலான அத்தகைய இடுக்கி, துருப்பிடிக்காத எஃகு இடுக்கியைவிடக் குறைந்த எடையிலேயே வளைந்து கழன்றுவிடுவதை 1990களிலேயே சோதித்துக் காட்டியிருக்கிறார்கள். மிகுந்த எடை தேவைப்படும் கழுத்துக்கு எஃகு இடுக்கியும், ஸ்கேனுக்குப் போக வேண்டியவருக்கு மற்றதும் என இரண்டுமே வேண்டும்.

எடைகளும் அப்படியே. வழக்கமாக 4.5 கிலோவில் தொடங்குகிறார்கள்; ஆனால் 1993இல் வெளிவந்த ஒரு கட்டுரை 140 பவுண்டு வரை, அதாவது ஏறத்தாழ 63 கிலோ வரை, படிப்படியாக ஏற்றி மூட்டுகளைத் திறந்ததைப் பதிவுசெய்திருக்கிறது. எல்லாருக்கும் அவ்வளவு தேவைப்படாது. பெரும்பாலோருக்கு அதில் பாதிகூட வேண்டியிருக்காது. ஆனாலும் அளவு பொறித்த எடைத்தட்டுகள், உராய்வின்றிச் சுழலும் கப்பி, தலைமாட்டை உயர்த்தி எதிரிழுவை தரக்கூடிய கட்டில் ஆகியவை இல்லாத வார்டில், எடை எழுதப்படாத மணல்மூட்டையைத் தொங்கவிட்டு நாங்கள் எதைப் பதிவேட்டில் எழுதுவது? எவ்வளவு எடையில் மூட்டு திறந்தது, எவ்வளவு எடையில் கைவிரல் மரத்தது என்பதே அடுத்த முடிவுக்கு ஆதாரம். மூட்டைகளை வைத்துக்கொண்டு அந்த ஆதாரத்தை எவராலும் தர முடியாது.

இழுவை எல்லாக் கழுத்துக்கும் பொருந்தாது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். மண்டையோடும் முதல் முள்ளெலும்பும் பிரிந்துபோனவருக்கும், இரண்டாம் முள்ளெலும்பின் முறிவுகளில் ஒரு குறிப்பிட்ட வகை உள்ளவருக்கும் இழுவை தீங்கு செய்யும். ஆங்கிலோசிங் ஸ்பாண்டிலைடிஸ் நோயால் முதுகுத்தண்டு முழுவதும் ஒரே கழியாக இறுகிக் கூனிப்போனவரின் கழுத்து முறிந்தால், தலையை நேராக்கி இழுப்பதே ஆபத்து. அவர் கழுத்து முன்பு எந்தக் கோணத்தில் வளைந்திருந்ததோ அதே கோணத்தில் தாங்கலும் இழுவையும் அமைய வேண்டும். கப்பியை ஒரே உயரத்தில் மட்டும் பொருத்தக்கூடிய கட்டிலில் இதைச் செய்ய வழியில்லை. உயரம் மாற்றக்கூடிய சட்டத்தை ஆடம்பரம் என்று கருதி அடித்துவிடும் பேனாவுக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

தலையைச் சுற்றி மண்டையோட்டில் ஊசிகளால் பொருத்தி, நோயாளி அணியும் மேலங்கியோடு கம்பிகளால் இணைத்துக் கழுத்தை அசையாமல் நிறுத்தும் ஹாலோ வளையத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். போலியோவால் கழுத்துத் தசைகள் செயலிழந்தவர்களுக்காக பெர்ரி, நிக்கல் என்ற இரு மருத்துவர்கள் 1959இல் விவரித்த இந்த வளையம், இன்றும் சில முறிவுகளில் அறுவைக்கு மாற்றாகவோ துணையாகவோ பயன்படுகிறது. பெரியவர்களுக்கு அதன் நான்கு ஊசிகளையும் 8 அங்குல-பவுண்டு, அதாவது ஏறத்தாழ 0.9 நியூட்டன்-மீட்டர் முறுக்குவிசையில் திருக வேண்டும். குழந்தைகளின் மண்டையோடு மெல்லியது என்பதால் அவர்களுக்குக் கூடுதல் ஊசிகளும் மிகக் குறைந்த விசையும் வேண்டும். விசையளவு காட்டும் திருகி இல்லாமல் வளையத்தை மட்டும் வாங்கிவைத்த அலமாரிகளை நான் பார்த்திருக்கிறேன். மேலங்கியைக் கழற்றும் சாவியோ இன்னும் முக்கியமானது. அது நோயாளியின் மேலங்கியிலேயே ஒட்டப்பட்டிருக்க வேண்டும். இதயம் நின்றுபோனால் மார்பை அழுத்துவதற்கு முன் மேலங்கியின் முன்பகுதியைத் திறந்தாக வேண்டும்; சாவியைத் தேடி ஸ்டோருக்கு ஓட முடியாது.

அறுவை அரங்குக்குள் வந்தால், கத்தி எடுப்பதற்கு முன்பே மூன்று கட்டங்கள் இருக்கின்றன. கழுத்தை அசைக்காமல் மூச்சுக்குழாயில் குழாய் செலுத்த மயக்கவியல் நிபுணருக்கு வளையும் ஃபைபர் ஆப்டிக் கருவியோ வீடியோ லாரிங்கோஸ்கோப்போ வேண்டும். பின்புறமாக அறுவை செய்வதானால் நோயாளியைக் குப்புறத் திருப்பும்போது மூன்று ஊசித் தலைக் கவ்வி தலையை அசையாமல் பிடிக்க வேண்டும். அதன் பல்சக்கரம் தேய்ந்திருந்தால் நடுவில் நழுவும், நழுவினால் நெற்றித்தோல் கிழிவது மட்டும் நிகழ்வதில்லை, நிலைபெறாத கழுத்தும் கூடவே திரும்பும். மூன்றாவது, காண்பது. அறுவையின்போதே எக்ஸ்-ரே படம் காட்டும் சி-ஆர்ம் கருவி எல்லாரிடமும் இருக்கிறது. ஆனால் அகன்ற தோள்கள் ஆறாம், ஏழாம் கழுத்தெலும்புகளையும் அவற்றுக்குக் கீழுள்ள முதல் மார்பு முள்ளெலும்பையும் பக்கவாட்டுப் படத்தில் மறைத்துவிடுகின்றன, மேசையின் உலோகப் பட்டை மிச்சத்தையும் மறைத்துவிடுகிறது. எக்ஸ்-ரே ஊடுருவும் கார்பன் இழை மேசையைக் கேட்டால், இருக்கும் மேசைக்கு என்ன குறை என்று உங்கள் கோப்பில் திருப்பி எழுதுகிறீர்கள். குறை அதுதான்: அதன் ஊடே எலும்பு தெரிவதில்லை. இரண்டாம் முள்ளெலும்பின் பல் போன்ற முனை முறிந்தவருக்கு முன்புறமாக ஒற்றை ஸ்க்ரூ செலுத்தும்போது, நேர்ப்படமும் பக்கவாட்டுப் படமும் மாறிமாறி உடனுக்குடன் வேண்டும். வாய் வழியே எடுக்கும் நேர்ப்படத்துக்கு எக்ஸ்-ரேயில் தெரியாத வாய்த்தாங்கியும் வேண்டும். இரண்டு சி-ஆர்ம்கள் இருந்தால் அந்த அறுவையின் நேரமும் பதற்றமும் வெகுவாகக் குறையும்.

முன்புற அறுவை 1950களில் ஸ்மித், ராபின்சன், கிளவர்டு ஆகியோரின் கையால் வடிவம் பெற்றது. உணவுக்குழாயையும் மூச்சுக்குழாயையும் ஒரு பக்கமாகவும் கழுத்துத் தமனியை மறுபக்கமாகவும் விலக்கி, இரு முள்ளெலும்புகளுக்கு இடையிலுள்ள வட்டத்தட்டை எடுத்துவிட்டு, அந்த இடைவெளியில் எலும்புத் துண்டையோ கூண்டு வடிவத் தாங்கியையோ வைத்து, மேலே பிளேட் பொருத்துகிறார்கள். 1980களில் காஸ்பர் உருவாக்கிய பிளேட்டின் ஸ்க்ரூ, எலும்பின் பின்தகட்டையும் துளைத்தால்தான் உறுதியாக நிற்கும் என்ற நிலை இருந்தது. பின்தகட்டுக்கு அடுத்து இருப்பது தண்டுவடம். ஸ்க்ரூவைப் பிளேட்டோடு பூட்டும் அமைப்புகள் வந்தபின் அந்தத் தேவை நீங்கியது. ஆயினும் துளைக்கும் கருவியின் நிறுத்தி, அதாவது குறித்த ஆழத்துக்கு மேல் டிரில் இறங்காமல் தடுக்கும் வளையம், இன்றும் உயிர்காக்கும் பொருளே. 14 மி.மீ. நிறுத்தியும் 16 மி.மீ. நிறுத்தியும் ஒரே கருவித்தட்டில் நிறக்குறியின்றிக் கலந்துகிடந்தால், அவற்றைச் சரியாக எடுத்துக் கொடுக்கும் பொறுப்பு எங்கள் கண்ணின் மேல் விழுகிறது. நள்ளிரவில் கண்ணை நம்பி நடத்தும் வேலையாக அது இருக்கக் கூடாது. நிறக்குறியை விவரக்குறிப்பில் கட்டாயமாக்க உங்களால் முடியும்.

பூட்டிக்கொண்ட மூட்டை முன்புறத்திலிருந்தே திறக்கவும் முயல்கிறார்கள். மேலெலும்பிலும் கீழெலும்பிலும் ஒவ்வொரு பின்னைச் செலுத்தி, விரிப்பானால் மெல்ல அகட்டி, மேலெலும்பைப் பின்னுக்குத் தள்ளுகிறார்கள். பல வேளைகளில் அது திறந்துவிடும். சில வேளைகளில் திறக்காது. திறக்காதபோது நோயாளியைத் திருப்பிப் பின்புறமாகச் சென்று, பூட்டிய மூட்டின் விளிம்பைச் சிறிது தேய்த்து நெம்ப வேண்டும். அதன்பின் முன்புறத்துக்கே திரும்பி வரவும் நேரலாம். முன்புற அறுவைக்கான கருவித்தட்டை மட்டும் வாங்கி வைத்திருக்கும் மருத்துவமனை இந்த இடத்தில் என்ன செய்யும்? நோயாளி மயக்கத்தில் இருக்கிறார், வட்டத்தட்டு எடுக்கப்பட்டுவிட்டது, பின்புறத் தட்டு நாளைக் காலைதான் வரும். இரண்டு தட்டுகளும் ஒரே இரவில், ஒரே கட்டடத்தில், நுண்ணுயிர் நீக்கப்பட்ட நிலையில் இருந்தாக வேண்டும் என்று அறுவையாளர்கள் பிடிவாதம் பிடிப்பது இதனால்தான். இந்த மடலில் நான் எழுதியவற்றுள் ஒன்றை மட்டும்தான் ஏற்க முடியும் என்றால் இதை ஏற்றுக்கொள்ளுங்கள்.

பின்புறத் தட்டில் முக்கியமானவை 3.5 மி.மீ. ஸ்க்ரூக்களும் அதே தடிமனுள்ள ராடுகளும். கழுத்தெலும்பின் பக்கத்திரளில், அதாவது அதன் இரு பக்கமும் உள்ள தடித்த பகுதியில், ஸ்க்ரூ செலுத்தும் முறைகளை ராய்-கமீயும் மாகர்லும் வகுத்தளித்தார்கள். முதல் இரண்டு முள்ளெலும்புகளைப் பிணைப்பதில் மும்பையின் அதுல் கோயல் 1994இலும், ஜெர்மனியின் ஹார்ம்ஸ் 2001இலும் வெளியிட்ட முறைகள் இன்று உலகெங்கும் கையாளப்படுகின்றன. மூளைக்குச் செல்லும் முள்ளெலும்புத் தமனி இந்த எலும்புகளின் துளைகள் வழியேதான் மேலேறுகிறது. ஆகவே இங்கே டிரில் வழிகாட்டி, துளையின் நான்கு சுவரையும் தடவிப் பார்க்கும் உருண்டைமுனைக் கம்பி, ஆழமானி ஆகியவை இல்லாமல் ஸ்க்ரூவை மட்டும் வைத்துக்கொண்டு ஒன்றும் ஆவதில்லை.

இந்தத் தட்டில் நான் அடிக்கடி காணாத பொருள் ஒன்று உண்டு. ஏழாம் கழுத்தெலும்பு முறிந்தால் பிணைப்பை மார்பு முள்ளெலும்பு வரை நீட்ட வேண்டியிருக்கும். கழுத்து ராடு 3.5 மி.மீ.; மார்பு, இடுப்புப் பகுதிகளில் பெரும்பாலும் பயன்படும் ராடு 5.5 மி.மீ. ஒரு முனை மெல்லியதாகவும் மறுமுனை தடித்ததாகவும் உள்ள இடைமாற்று ராடோ, இரண்டையும் இணைக்கும் இணைப்பானோ இல்லாவிட்டால் இந்த இரண்டும் சேராது. இறுகிய தண்டு முறிந்தவர்களுக்கு மேலும் கீழும் பல எலும்புகளை உள்ளடக்கிய நீண்ட பிணைப்பு தேவைப்படும் என்பதால், அவர்களிடம் இந்தக் குறை உடனே வெளிப்பட்டுவிடும். கழுத்துக்கு ஒரு நிறுவனம், மார்புக்கு இன்னொரு நிறுவனம் என்று தனித்தனியாகக் குறைந்த விலை கோரியவருக்கு ஒப்பந்தம் கொடுப்பதில் தணிக்கையாளர் குறை காணமாட்டார். அரங்கில் மட்டும் இரண்டு ராடுகள் ஒன்றையொன்று பார்த்தபடி கிடக்கும். எஃகையும் டைட்டானியத்தையும் கலந்து பிணைப்பதும் அரிப்புக்கு வழிவகுக்கும் என்பதால், எதை எதோடு சேர்க்கலாம் என்பதை அறுவையாளர் முடிவுசெய்ய வேண்டும், விலைப்பட்டியல் முடிவுசெய்யக் கூடாது.

எளிய கம்பியையும் பட்டியலிலிருந்து நீக்கிவிடாதீர்கள். ஹாட்ரா 1891இல் முள்ளெலும்புகளைக் கம்பியால் பிணைத்தார். முன்னேற்பாடாகத் திட்டமிடும் அறுவையில் இன்று அதன் தேவை அரிது. ஆனால் எலும்பு மென்மையாகி ஸ்க்ரூ பிடிக்காமல் சுழலும்போது கம்பிச்சுருள் ஒன்று தட்டில் இருப்பது பெரிய ஆறுதல்.

இரவல் தட்டுகளைப் பற்றி உங்களிடம் வெளிப்படையாகப் பேசியாக வேண்டும். விற்பனையாளர் அறுவைக்கு மட்டும் கொண்டுவந்து, முடிந்ததும் எடுத்துச்செல்லும் முறையில் முதலீடு மிச்சமாகிறது என்பதை மறுக்கவில்லை. தேதி குறித்துச் செய்யும் அறுவைக்கு அது போதும். விலகிய கழுத்து தேதி குறித்துக்கொண்டு வருவதில்லை. மேலும் அந்தத் தட்டு எங்கிருந்து வந்தாலும் எங்கள் நுண்ணுயிர் நீக்கப் பிரிவில் மீண்டும் முழுமையாகக் கழுவப்பட வேண்டும். உள்ளே துளையுள்ள டிரில் வழிகாட்டிகளையும் 1 மி.மீ., 2 மி.மீ. கெரிசன் எலும்பு வெட்டிகளின் இடுக்குகளையும் பிரஷ் விட்டுத் தேய்க்காமல் 134 டிகிரியில் ஆட்டோகிளேவ் செய்வது, உள்ளே ஒட்டிய இரத்தத்தைச் சுட்டு இறுக்குவதாகத்தான் முடியும். அவசரத்தில் இந்தப் படிகளைத்தான் முதலில் வெட்டச் சொல்கிறார்கள். மருத்துவமனைக்கே சொந்தமான ஒரு முழுத்தட்டு எப்போதும் ஆயத்தமாக இருந்தால் அந்தப் பேச்சுக்கே இடமிருக்காது.

முழுத்தட்டு என்று நான் சொல்வது ஒவ்வொரு ஸ்க்ரூடிரைவரும் இரண்டாக இருக்கும் தட்டு. ஒன்று கீழே விழுந்தால் அறுவை நிற்கக் கூடாது. பழைய ஸ்க்ரூவைக் கழற்றும் கருவிகளும் அதில் அடங்கும்; ஸ்க்ரூவின் தலைத்துளை ஒரு நிறுவனத்தில் அறுகோணமாகவும் இன்னொன்றில் நட்சத்திர வடிவிலும் இருப்பதால், முன்பு வேறெங்கோ அறுவை செய்துகொண்டு மீண்டும் வருபவருக்குப் பொருந்தும் டிரைவர் இல்லாமல் பிளேட்டை வெட்டியெடுக்க நேரிடுகிறது. பயன்படுத்திய ஸ்க்ரூவை மறுநாளே நிரப்பும் பொறுப்பு யாருடையது என்பதும் ஒப்பந்தத்தில் எழுதப்பட வேண்டும். அது எழுதப்படாத இடங்களில் 14 மி.மீ. குழிகள் காலியாகவும், யாருக்கும் வேண்டாத நீளங்கள் நிறைந்தும் கிடக்கின்றன.

இத்தகைய நோயாளிகள் ஆண்டில் சிலரே வருகிறார்கள், அதற்கு இவ்வளவா என்று உங்களில் சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்வியே. எல்லா மருத்துவமனையும் கழுத்து அறுவை செய்ய வேண்டும் என்று நான் கேட்கவில்லை. செய்வதில்லை என்று முடிவெடுத்தால், கழுத்தை அசையாமல் நிறுத்தி, மூச்சையும் இரத்த அழுத்தத்தையும் காத்து, இந்த நோயாளியை எந்த மையத்துக்கு அனுப்புவது என்பதை முன்கூட்டியே பேசிவைத்து, தாமதமின்றி அனுப்புங்கள். அது மதிக்கத்தக்க முடிவு. செய்வோம் என்று முடிவெடுத்தால் முழுமையாக வாங்குங்கள். பாதித் தட்டை வைத்துக்கொண்டு நோயாளியை ஏற்றுக்கொள்வதே இரண்டிலும் மோசமானது. அனுப்பியிருந்தால் கிடைத்திருக்கக்கூடிய நேரமும் போய், இங்கேயும் வேலை முடியாமல் நிற்கும்.

ஆகவே அடுத்த ஒப்பந்தப்புள்ளியை இறுதிசெய்யும் முன், அறுவையாளரோடு மயக்கவியல் நிபுணர், கதிர்ப்பட நுட்புநர், நுண்ணுயிர் நீக்கப் பிரிவின் பொறுப்பாளர், அரங்கச் செவிலியர் ஆகியோரையும் ஒரே அறையில் உட்காரவைத்துப் பட்டியலைப் படிக்கச் செய்யுங்கள். விற்பனையாளர் மாதிரித் தட்டைக் கொண்டுவரும் நாளில், பிளாஸ்டிக் எலும்பு மாதிரி ஒன்றில் இழுவையிலிருந்து கடைசி ஸ்க்ரூ வரை எல்லாப் படிகளையும் அந்தத் தட்டைக் கொண்டே செய்துகாட்டச் சொல்லுங்கள். எந்தப் படியில் அவர் கை பெட்டிக்குள் துழாவி வெறுமையாகத் திரும்புகிறதோ, அந்தப் பொருளை விவரக்குறிப்பில் சேர்த்த பிறகே கையெழுத்திடுங்கள். வாங்கிய பின்பும், கட்டிலின் கப்பி முதல் மேலங்கியின் சாவி வரை அனைத்தையும் குறிப்பிட்ட கால இடைவெளியில் எண்ணிச் சரிபார்த்துப் பதிவுசெய்யும் பொறுப்பைப் பதவிப்பெயர் குறிப்பிட்டு ஒருவரிடம் எழுத்தில் ஒப்படையுங்கள். இந்தக் குழுவில் அரங்கச் செவிலியருக்கு நிரந்தர இடமளிக்கும் ஆணையை முதலில் பிறப்பித்தால், மற்றவற்றுக்கான வரைவை நாங்களே தயாரித்துத் தருகிறோம்.

இப்படிக்கு,
அறுவை அரங்கச் செவிலியர் ஒருவர்